வேலையை விடாமல் படித்தவள்

சிதும்பா,
மார்ச் 4

லுசுங்கு,

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் அடங்கிப் போவேன். ஆறு வருடமாக அதுதானே நடக்கிறது? அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாவட்ட சுகாதார அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் உன் ஆய்வேடு, நீல அட்டை போட்டு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நம் பெண் முடித்துவிட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "படிங்க சிஸ்டர்."

படித்தேன். "ஏழாவது மரணம். வயது இருபத்தாறு. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு. ஆம்புலன்ஸுக்குத் தகவல் சொல்ல இரண்டு மணி நேரத் தாமதம். பணியில் இருந்தோர்: இரு செவிலியர். காரணம்: பணியாளரின் கவனக்குறைவு."

இரு செவிலியரா?

மெலியா செத்த அந்த வியாழக்கிழமை மத்தியானம் சிதும்பா சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான். நீ பிளாண்டயரில் வகுப்பில் இருந்தாய். ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் நீ போவாய். படிக்க அனுமதி தந்தவர்கள் விடுப்பு தரவில்லை, சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்று டியூட்டி சார்ட்டில் உன் பெயரையும் சேர்த்து எழுதிவைப்பேன். இரண்டு வருடம் எழுதினேன்.

மெலியாவுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்குப் பிள்ளை கால் முதலில் வந்துகொண்டிருந்தது. நம் ஊரில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று உனக்குத் தெரியாதா? அந்தச் சோள மில் மேட்டுக்கு மெலியாவின் மாமியாரை ஓடவிட்டேன். "நர்ஸே பேசணும்" என்று ஆம்புலன்ஸ்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு நீ வைத்த பெயர் கவனக்குறைவு.

ஏப்ரல் 9 விசாரணை. அதுவரை நான் வேலைக்குப் போகக் கூடாதாம். உன் கையால் பதில் வேண்டும்.

ஃபனெசி


பிளாண்டயர்,
மார்ச் 13

அன்புள்ள ஃபனெசி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு நாளாக நசிமாக் களிகூட இறங்கவில்லை. பிள்ளைகள் நலமா? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

ஆய்வேட்டில் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை அக்கா. ஊர் பெயர்கூட இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது விதி. அவர்கள் தேதியை வைத்துத் தோண்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் நான் எடுத்து எழுத முடியும். சார்ட்டில் இரண்டு பெயர். ஒன்று என்று எழுதியிருந்தால் பேராசிரியர் ஆதாரம் கேட்டிருப்பார். ஆய்வுப் படிவத்தில் காரணத்துக்கு மூன்றே கட்டம்: வீட்டில் தாமதம், வழியில் தாமதம், பணியாளர் தாமதம். நாலாவது கட்டம் இல்லை.

எங்கள் வகுப்பில் முப்பது பேர். எல்லாரும் வேலையில் இருப்பவர்கள்தான். ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறோம். நான் மறக்கவில்லை. ஜூனில் வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் மாவட்ட அலுவலகத்தில் எனக்கு இடம் இருக்கிறது என்கிறார்கள். அங்கே உட்கார்ந்ததும் முதல் வேலையாக உங்கள் ஃபைலைச் சரிசெய்கிறேன். விசாரணையில் களைப்பாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். சார்ட் பற்றிப் பேச வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

என்றும் உங்கள்
லுசுங்கு


சிதும்பா,
மார்ச் 20

லுசுங்கு,

சின்னவளின் இருமலை விசாரிக்காதே.

முந்தாநாள் பெர்னடோ என் வீட்டு வாசலுக்கு வந்தார். மெலியாவின் புருஷன். பாவம், சத்தம்கூடப் போடவில்லை. "சிஸ்டர், ரெண்டு நர்ஸு இருந்தும் என் பொண்டாட்டி செத்துட்டான்னு பேப்பர்ல போட்டிருக்காமே. ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது, நீ சொல். களைப்பாக இருந்தது என்றா?

அந்தப் படிப்பின் விளம்பரத் தாளை நீதான் சுவரில் ஒட்டினாய். "வேலையை விடாமல் படிக்கலாம்." வேலையை விட்டது நீ. விடாமல் செய்தது நான். அதையும் ஒரு கட்டத்தில் போடு.

ஒரே ஒரு வரி எழுதி மாவட்டத்துக்கு அனுப்பு: அந்த வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஃபனெசி


பிளாண்டயர்,
மார்ச் 28

ஃபனெசி,

ஒரு வரிதானே என்கிறாய். அந்த ஒரு வரியில் என் பட்டம் போகும், வேலை போகும், இரண்டு வருடச் சம்பளத்தைத் திரும்பக் கேட்பார்கள். வடக்கே என் அப்பாவுக்கு மருந்து யார் வாங்குவது?

சார்ட்டில் என் பெயரை எழுதியது யார் கை? என் கையா? "நீ போ, நான் பாத்துக்கறேன், கேட்டா கக்கூஸுக்குப் போயிருக்கான்னு சொல்றேன்" என்று சிரித்தாயே, அது யார்? நான் படித்து வந்ததும் அடுத்த வருடம் நீ போவதாகத்தானே பேச்சு? உனக்கும் லாபம் இருந்தது. இப்போது உத்தமி வேஷம் போடாதே.

நீ வாயைத் திறந்தால் இரண்டு பேரும் போவோம். யோசித்துக்கொள்.

லுசுங்கு


சிதும்பா,
ஏப்ரல் 11

லுசுங்கு,

யோசித்தேன். நீ சொன்னது சரி, என் கைதான்.

நேற்று முன்தினம் விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சார்ட்டை மேசையில் வைத்து, "இது பொய். இருபத்திரண்டு மாசமா நான் எழுதின பொய்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "சிஸ்டர், இதைச் சொன்னா உங்களுக்குத்தான் கெடுதல்" என்றார் அதிகாரி. அவருக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை. களைப்பு என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

எனக்கு அப்போதுதான் வந்தது கோபம். உன் மேல் மட்டுமில்லை. "அவளைப் படிக்க அனுப்பினது நீங்க. கையெழுத்து உங்களோடது. அவ எடத்துக்கு ஒரு ஆள் அனுப்பினீங்களா? அவ போற வாரம் அங்க யாரு நிப்பான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இப்ப அவ எழுதின பேப்பரை வெச்சு என்னைக் கேக்கறீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

பொய்ப் பதிவுக்காக என்னை ஒரு படி இறக்கி ஆற்றுக்கு அக்கரையில் போட்டிருக்கிறார்கள். கவனக்குறைவு என்பதை எடுத்துவிட்டார்கள். உனக்குக் கடிதம் வரும். பல்கலைக்கழகத்துக்கும் போகும்.

அங்கிருந்து நேராகப் பெர்னடோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அவர் என்னைப் போகச் சொன்னார். போனேன்.

இனி எழுதாதே.

ஃபனெசி


சிதும்பா,
மே 16

ஃபனெசி அக்கா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

என்னையும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். கடைசி நிமிடம் வரை இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திருத்தி அடுத்த வருடம் தரலாம் என்கிறார் பேராசிரியர். சம்பளத்தில் பிடித்தம். மாவட்ட அலுவலக இடம் இல்லை.

உங்கள் மேல் கோபமாகத்தான் பஸ் ஏறினேன். இறங்கும்போதும் கோபம் தீரவில்லை. அதே கோபத்தோடு நேற்றுப் பெர்னடோ வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

"நீதான் அந்த இன்னொருத்தியா?" என்றார்.

"ஆமா."

"எங்க இருந்தே?"

"வகுப்புல."

"என்ன வகுப்பு?"

"பிரசவத்துல தாய்மாருங்க சாகறதை எப்படிக் குறைக்கறதுன்னு" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே திரும்பி மூத்த மகளைக் கூப்பிட்டார். ஒன்பது வயது இருக்கும். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு வந்து நின்றாள், நீங்கள் அன்று காப்பாற்றி எடுத்துக்கொடுத்த அந்தப் பிள்ளை.

"எனக்கு வேணாம். இவகிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சொன்னேன் அக்கா. முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவள் கடைசி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லுசுங்கு