ஊர் திரும்பாத தளபதி

ஹூஸ்டன் விமான நிலையம்,
திங்கட்கிழமை மாலை

அன்புள்ள காமாக்ஷிக்கு,

மன்னி எழுதுவது. நலமா என்று கேட்கிற வாரம் இல்லை இது. நீ என் போனை எடுக்கவில்லை. அதில் தப்பும் இல்லை. மெயிலையாவது திறப்பாய் என்று கார் பார்க்கிங்கில் உட்கார்ந்தபடியே இதை அடிக்கிறேன். உன் அண்ணா இப்போதுதான் உள்ளே போனார். புதன்கிழமை திருச்சியில் இறங்குவார். பத்தாம் நாள் காரியத்துக்கு இருப்பார்.

வீட்டுக்குப் போகக் காரைக் கிளப்பினேன், மறுபடி அணைத்துவிட்டேன். வியாழக்கிழமை நீ அழுதுகொண்டே செய்தி சொன்னதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன், நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் தமிழர்கள் இருபது பேர் கூடுவோம். யாராவது ஒருவர் தான் படித்ததைப் பற்றிப் பேசுவார். இந்த மாதம் உன் அண்ணாவின் முறை. அவருடைய ரோமாபுரிப் பைத்தியம் உனக்குத் தெரியாததா? செர்டோரியஸ் என்ற தளபதியைப் பற்றி மூன்று மாதமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜை முழுக்க ஸ்பெயின் வரைபடம்தான்.

தீட்டோடு போக வேண்டாம் என்றேன். வீட்டிலேயே கிடந்தால் சுவரில் முட்டிக்கொள்வேன் என்றார். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் பேசினார். செர்டோரியஸ் இத்தாலியில் நூர்சியா என்ற சின்ன ஊர்க்காரன். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். ரேயா என்ற அம்மாதான் தனி ஆளாக வளர்த்துப் படிக்க வைத்தாள். பட்டாளத்தில் சேர்ந்தான். ஒரு போரில் ரோமப் படையே அழிந்தபோது, குதிரையை இழந்து, உடம்பெல்லாம் காயத்தோடு, கவசத்தையும் கேடயத்தையும் விடாமல் ரோன் நதியை நீந்திக் கடந்தான். இன்னொரு போரில் ஒரு கண் போயிற்று. மற்றவர்கள் பதக்கத்தைக் கழற்றி வைக்கிறார்கள், என் பதக்கம் எப்போதும் என் முகத்திலேயே இருக்கிறது என்பானாம். இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணாவும் சிரித்தார்.

பிறகு அவன் அரசியலுக்கு வந்தான். பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றான். தோற்கடித்தது சுல்லா என்ற இன்னொரு தளபதியின் கூட்டம். உள்நாட்டுச் சண்டையில் அந்த சுல்லாவே ரோமைப் பிடித்தபோது, செர்டோரியஸ் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்தும் துரத்தப்பட்டுக் கடல் கடலாக அலைந்தான். கடைசியில் ஸ்பெயின் மலைக்குடிகளே வந்து எங்களுக்குத் தலைவனாக இரு என்று கூப்பிட்டார்கள். ரோம் அனுப்பிய பெரிய பெரிய தளபதிகளை வருஷக்கணக்கில் திணற அடித்தான். அங்கேயே ஒரு செனட் வைத்தான், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தான். ஆனால் ஒவ்வொரு முறை ஜெயித்ததும் எதிரிக்கு ஆள் அனுப்புவானாம். ஆயுதத்தைக் கீழே போடுகிறேன், ஊருக்குத் திரும்பிச் சாதாரண மனிதனாக வாழ விடுங்கள் என்று. அவனுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்.

"அப்பதான் அவனுக்குச் செய்தி வருது," என்று சொன்னார் உன் அண்ணா. அதோடு நின்றுவிட்டார்.

கையில் காகிதம் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை. கூட்டத்தை நடத்துகிற வெள்ளியங்கிரி, பி.பி. ஏதோ என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். உன் அண்ணா காகிதத்தை என் பக்கம் நீட்டினார்.

"ருக்கு, மீதிய நீ படி."

படித்தேன். அம்மா இறந்த செய்தி கேட்டு அந்தத் தளபதி கூடாரத்துக்குள் தரையில் விழுந்து கிடந்தான். ஏழு நாள். நண்பர்களைப் பார்க்கவில்லை, படைக்கு ஒரு உத்தரவு கொடுக்கவில்லை. மற்ற தளபதிகள் வந்து வற்புறுத்தித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

முன்வரிசையில் குமுதினி அக்கா இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கடைசியில் அந்தத் தளபதி ஊருக்குப் போனாரா என்று கேட்டார். இல்லை, ஒரு விருந்தில் கூட இருந்தவர்களே குத்திக் கொன்றுவிட்டார்கள், ரோமை அவர் மறுபடி பார்க்கவே இல்லை என்றேன். அக்கா எழுந்து உன் அண்ணாவிடம் போனார்.

"தம்பி, வீட்டில ஆருக்கு என்ன?"

உன் அண்ணா அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதார், காமாக்ஷி. வியாழக்கிழமையிலிருந்து அழாத மனிதர், இருபது பேர் முன்னால் அழுதார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். சண்டைக் காலத்தில் தன் அம்மா போன செய்தி பதினொரு நாள் கழித்துத்தான் தனக்கு வந்தது என்று என்னிடம் சொன்னார்.

நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவேயில் ஏறியதும் சொன்னார்:

"அவனுக்கு வழி இல்ல ருக்கு. எனக்கு இருந்தது."

இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போனதும் டிக்கெட் போட்டது நான்தான். போகவா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை.

இப்போது, சொல்ல வேண்டியது. லீவு கிடைக்கவில்லை என்று அவர் உன்னிடம் சொன்னது பொய். செய்தி வந்த அரைமணி நேரத்தில் லேப்டாப்பில் விமானம் தேடிக்கொண்டிருந்தார். தடுத்தது நான். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகிவிட்டது. இந்தியாவுக்குப் போனால் புது முத்திரைக்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை கம்பெனி காத்திருக்காது. வேலை போனால் வீடு, பையன் ஆதர்ஷின் காலேஜ், பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டு எல்லாம் போகும். இவ்வளவையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்மா போயாச்சு. இப்போ நீங்க போய் யாரைப் பார்க்கப் போறேள்?" என்று கேட்டேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு உனக்குப் போன் செய்தார். சித்தப்பா பிள்ளை கொள்ளி வைத்தான் என்று நீ எழுதிய செய்தியை வாசலில் நின்றபடியே படித்தார். நான் சமையலறையில் இருந்தேன். வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கு மூன்று வருஷம் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, கூடவே இருந்தவள் நீ. உன் கோபம் நியாயம். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அவர் இல்லை, நான். என்னோடு நீ எப்போது பேசுகிறாயோ அப்போது பேசு. பேசாவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை.

அவரிடம் லீவைப் பற்றி மட்டும் கேட்காதே. கேட்டால் மறுபடியும் எனக்காகப் பொய் சொல்வார். விசா எப்போது வரும், வருமா என்று தெரியவில்லை. அதை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் திரும்பிப் போ என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். விமானத்தில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். புதன்கிழமை வாசலில் வந்து நின்றால் உள்ளே வர யோசிப்பார். நீ ஒரு தடவை "வா அண்ணா" என்று சொல்லிவிடு அம்மா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் அம்மா பார்த்துக்கொள்வார்.

உன் மன்னி,
ருக்மிணி