பெரட்டில் நின்ற தலைகள்

மச்சான்,

காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பொட்டலம் கிடந்தது. உன் தங்கை வாங்கிய சட்டி துலக்கும் நார். பிரித்ததும் ஒட்டு நாடாவின் பசை வாசனை, கூடவே உன் நினைவு. நீயும் நானும் சேர்ந்து பங்கு வாங்கிய அதே இணையக் கடையின் பொட்டலம். மகளின் கல்லூரிக்கென்று நான் சேர்த்த பணமெல்லாம் அந்தப் பங்கில்தான் கிடந்தது.

பங்கு வாங்கிய புதிதில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஈப்போ கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த இணையக் கடையின் தளத்துக்கு வருவோர் தொகை ஏறிக்கொண்டே போவதை போனில் காட்டிக் குதித்தேன். நீ ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தபடி சொன்னாய்:

"என் வீட்டுக்காரி அந்தக் கடை ஆப்புல வெளயாட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்துறா மச்சான். வளந்தா கூப்பன் குடுப்பானாம். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா. ஒரு ஊசி வாங்கல. அவளயும் மூணு பேரா எண்ணியிருப்பான் லா."

பிறகு கேட்டாய்: "பெரட்டுல நின்ன தலையெல்லாம் பால் கொண்டாந்துச்சா?"

கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த நமக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எத்தனை பேர் நின்றாலும், ஸ்டோரில் எடை போட்ட ரப்பர் பால்தான் கணக்கு.

கொஞ்ச நாளில் கடைக்காரர்கள் அந்தச் செடி விளையாட்டை நிறுத்தினார்கள். வருகை சரிந்தது, பங்கு விலையும் சரிந்தது. பங்கு வாங்கியிருந்த நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் விற்றார்கள். நானும் விற்கத் துணிந்து, நோயில் படுத்திருந்த உன்னிடம் சொல்லிவிட்டுப் போக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தேன்.

"ஆர்டர் கொறஞ்சிருக்கா, பாத்தியா?" என்றாய்.

பார்க்கவில்லை. இருவரும் கம்பெனி அறிக்கையைத் திறந்தோம். ஆர்டர் குறையவே இல்லை. ஒருமுறை வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி ஊத்துனவங்க போயிட்டாங்க. பால் அப்படியே இருக்கு. விக்காத. தப்பாப் போனா உன் மக என்னயத் திட்டட்டும்."

திட்டு வாங்க நீ இருக்கவில்லை. அந்த மாதமே போய்விட்டாய். நான் விற்கவில்லை.

ஜெயித்துவிட்டோம், மச்சான். அடுத்த அறிக்கையில் வருகை இன்னும் குறைவு, லாபமோ அந்தக் கடை இதுவரை காணாதது. விலை கிடுகிடுவென ஏறியது. விற்றவர்கள் போன் போட்டுப் பெருமூச்சு விட்டார்கள். ஆறுதல் சொன்னேன், ஆனால் வாயெல்லாம் பல்லாகத்தான் சொன்னேன். உன் மனைவி இப்போது வேறொரு ஆப்பில் மீன் வளர்க்கிறார். அந்தக் கம்பெனிப் பங்கை நான் தொடமாட்டேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நேற்று போனில் ஒரே குதூகலம். கல்லூரி விழாவுக்காகத் தோழிகளோடு கேக் விற்கிறாளாம். அவள் போட்ட விளம்பரத்தை ஊரே பார்த்துவிட்டதாம்.

"பெரட்டு சரி. பால் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள்.

"அப்படியே மாமா பேசுற மாதிரி இருக்கு லா, அப்பா. எல்லாம் வித்துப் போச்சு."