பட்டனை விற்ற கதை

கென்டக்கி, பிப்ரவரி கடைசி

அன்பு மகள் ரோவினாவுக்கு அம்மா எழுதுவது. என் இடுப்பு வலியைத் தவிர இங்கே நாங்களும் குதிரைகளும் சுகம். அலாஸ்கா குளிர்ல நீ எப்படி இருக்கியோன்னுதான் கவலை, காதை மூடிக்கிட்டு வெளியே போ.

போன மாசம் வரி ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. வருஷா வருஷம் நஷ்டமே காட்டுறீங்களே, இது தொழிலா பொழுதுபோக்கான்னு பார்க்கணுமாம். பொழுதுபோக்குன்னு முடிவு பண்ணிட்டா நஷ்டத்தை வரியில கழிக்க முடியாது, பண்ணையை விக்கிறதைத் தவிர வழியில்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே உங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா, இடத்தையே கல்யாண வீடா ஆக்கிட்டார். வேலிக்கு வெள்ளையடிச்சு, குதிரைக்கெல்லாம் பிடரி பின்னி, நீ சின்ன வயசுல குதிரைப் போட்டியில பரிசா வாங்கின ரிப்பனை எல்லாம் வாசல்ல தொங்கவிட்டு! அந்தம்மா சுத்திப் பார்த்துட்டு, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க போலன்னு சொல்லி அதையும் எழுதிக்கிட்டாங்க. சந்தோஷத்துக்குப் பண்றதுன்னா பொழுதுபோக்குன்னு ஆயிடுமே! இந்த மனுஷன் பல்லைக் காட்டிக்கிட்டு, இதுதான் எங்க உயிரேங்கிறார்! கண்ணைக் காட்டினேன், புரிஞ்சாத்தானே.

கணக்கு வழக்கெல்லாம் சரியாத்தான் இருக்குன்னாங்க. கடைசியா, பிரியமா வளர்த்த குதிரையை எப்பவாவது வித்திருக்கீங்களான்னு கேட்டாங்க. உங்கப்பா கொட்டில் பக்கம் திரும்பிக்கிட்டார். நான்தான் சொன்னேன். தாய் சேர்க்காத குட்டி, என் மக புட்டிப்பால் கொடுத்து வளர்த்தா, விக்கிற குட்டிக்கு நாம பேர் வைக்கிறதில்லன்னு சொல்லியும் கேக்காம பட்டன்னு பேர் வச்சா, ஏலத்துல நல்ல விலை வந்துச்சு, கொடுத்துட்டோம், பள்ளிக்கூடம் விட்டு வந்து காலிக் கொட்டிலைப் பார்த்து அவ அழுதது இன்னும் என் காதுல இருக்குன்னு. சொல்றப்பவே எனக்கும் அழுகை வந்துடுச்சு. அந்தம்மா, ஆசைக்கு வளர்க்கிறவங்க இதைச் செய்யமாட்டாங்கன்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க.

நேத்து முடிவு வந்துடுச்சு, தொழில்தானாம்! அன்னைக்கு நீ அழுத அழுகைதான் கண்ணு, இன்னைக்கு நம்ம பண்ணையைக் காப்பாத்திச்சு.

பட்டனோட தாய் க்ளோவர் இந்த வயசுலயும் சினையா இருக்கா, ஏப்ரல்ல ஈனுவா. லீவு போட்டு வா. ஆசை தீரக் கொஞ்சு, பேர் மட்டும் வச்சிடாதே. ஆண்டவன் உன்னை நல்லா வச்சிருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா வெல்டா

பி.கு. இப்பத்தான் கொட்டில் பக்கம் போனேன். உங்கப்பா க்ளோவர் வயித்துல கையை வச்சுக்கிட்டு, பொறக்காத குட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். காதுல விழாத மாதிரி திரும்பி வந்துட்டேன். நீயும் யார்கிட்டயும் சொல்லிடாதே.