ஜூனி ரகம்

முல்லம்பிம்பிக்கு மேலே
14 ஆகஸ்ட் 2022

நோலாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் உறையைப் பார்த்ததும் யாரோ என் சாவுச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைப்பாய். ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதைப் பதிலில் திட்டிக்கொள்.

மார்ச் மழையில் எங்கள் மலை சரிந்ததை டிவியில் பார்த்திருப்பாய். வீடு தப்பித்தது. கொட்டகை போய்விட்டது. ஐம்பது வருஷமாக நான் சேர்த்த தக்காளி விதை அத்தனையும் அதற்குள் ஜாடி ஜாடியாக இருந்தது. நீ சிரிப்பது கேட்கிறது. உங்கள் கான்பெராவில் சட்டம் மாறிவிட்டது, வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். எங்கள் பக்கம் இன்னும் குற்றம்தான். ஆகவே என் கடிதத்தில் அது தக்காளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பிரிட்ஜில் கிடந்த மூன்று பொட்டலம் மட்டும் மிச்சம்: டர்பன், ஜாவா, பக்கத்துத் தோட்டத்து பிரெட் கொடுத்த சிவப்புத் தண்டு.

ஜூனி போய்விட்டாள். ரகத்தைத்தான் சொல்கிறேன். நம் பெண் பிறந்த வருஷம் நீயும் நானும் பொறுக்கியெடுத்து அவள் பெயரை வைத்த ரகம். அவள் செத்த பிறகும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் விதைத்து, விதை எடுத்து வைத்தேன். இப்போது ஒரு மணி கூட இல்லை. இந்த வயதில் எனக்கு இது தாங்கவில்லை, நோலா.

நீ போகும்போது அதில் ஏதாவது எடுத்துப் போனாயா?

டெஸ்


கான்பெரா
3 செப்டம்பர் 2022

அன்புள்ள தக்காளி வியாபாரிக்கு,

கொட்டகை போனதற்கு வருத்தம். நீ அதற்குள் இல்லாமல் இருந்ததற்குச் சந்தோஷம். போதுமா?

இடுப்பு வலி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் நீச்சல் குளத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் கிழங்கட்டைகள். வெந்நீரில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வோம்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். இந்தக் கோடையில் நானும் செடி வைக்கப் போகிறேன். தலைக்கு இரண்டுதான் சட்டம், நான் ஒண்டிக்கட்டை, ஆகவே இரண்டு. விளக்கு போட்டு வளர்க்கக் கூடாது, வெயிலில்தான். விதையை யாருக்கும் கொடுக்கவும் கூடாது. பார், நான் பயமில்லாமல் எழுதுகிறேன்: கஞ்சா, கஞ்சா, கஞ்சா.

என்ன ரகம் என்று கேட்காதே. உன் செடிகளைப் பற்றி நீ எழுது, என்னுடையதைப் பற்றி நான் எழுதுகிறேன். இலையை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாயே, கண்டுபிடி.

நேரில் வந்து பார்ப்பதானாலும் வா. சாவி கேஸ் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

நோலா


முல்லம்பிம்பிக்கு மேலே
20 நவம்பர் 2022

அன்புள்ள நோலா,

டர்பன் என் இடுப்பைத் தாண்டிவிட்டது. இலையைக் கசக்கினால் இப்போதே சோம்பு வாசம். ஜாவா சோம்பேறி, மழை வந்தால்தான் எழுந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிவப்புத் தண்டு நிற்கிறது, ஆரஞ்சுத் தோல் மாதிரி மணக்கிறது, ஆனால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. "உன் ஜாவாவைவிட என்னோடது ஒசத்திடா"ன்னு பிரெட் தினமும் வேலியோரம் வந்து வம்புக்கு இழுக்கிறான்.

போன வாரம் வந்த உன் சீட்டில் நீ எழுதிய அடையாளத்தைப் பார்த்தால் மெலிந்த இலை, நீண்ட கணு. ஏதோ தாய்லாந்துக் கலப்பு. சந்தையில் எவனோ உன் தலையில் கட்டிவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம். ஜனவரியில் அதது ஆணா பெண்ணா என்று முகம் காட்டிவிடும். உருண்டை உருண்டையாகத் தொங்கினால் மாப்பிள்ளை. யோசிக்காதே. வேரோடு பிடுங்கி, வெட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடு. ஒரு மாப்பிள்ளை பூத்தால் போதும், தெருவில் உள்ள பெண் செடியெல்லாம் விதை பிடித்துவிடும். உன் இடுப்பு வலிக்கு விதையில்லாத பூதான் கேட்கும். இது உனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மறந்திருப்பாய், கவர்மெண்ட் ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள்.

எட்டிப் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. மலையை விட்டு இறங்கித்தான் பழக்கமில்லை.

டெஸ்


கான்பெரா
16 ஜனவரி 2023

டெஸ்,

உட்கார்ந்துகொண்டு படி.

தாய்லாந்துக் கலப்பாம்! உன் மூக்கையும் கண்ணையும் என்னவென்று சொல்வது. ஜூனியடா. ஜூனியேதான்.

உன்னை விட்டுப் போன அன்று ஒரு ஃபிலிம் டப்பாவில் விதை எடுத்துப் போனேன். அவள் உயிரோடு இருந்த கடைசி அறுவடையில் எடுத்தது. உனக்கு இருக்கக் கூடாது என்பதற்காக எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவ்வளவு வெறுப்பு. முப்பத்தெட்டு வருஷம், எத்தனை பிரிட்ஜ் மாற்றியிருக்கிறேன், அந்த டப்பா மட்டும் கூடவே வந்தது.

மொத்தம் பத்தொன்பது விதை. செப்டம்பரில் எல்லாவற்றையும் ஈரத்துணியில் போட்டேன். பதினேழு அழுகிவிட்டது. இரண்டு கண் திறந்தது. உன்னிடம் சொல்லி, பிறகு அதுவும் செத்துப்போனால் என்ன செய்வது என்று மறைத்துவிட்டேன். தவிர, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆசை இருந்தது. பொறுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

ஏனென்றால் இன்று காலை அது இரண்டும் முகம் காட்டிவிட்டது. வேலியோரம் இருப்பது பெண். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பது மாப்பிள்ளை. ஒன்று ஒன்று! இரண்டும் பெண்ணாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மாப்பிள்ளையை ராஜா மாதிரி பார்த்துக்கொள்கிறேன். இன்னும் நாலைந்து நாளில் பூக்கும். ஏப்ரலில் கைநிறைய விதை இருக்கும். சட்டம் என்ன சொன்னாலும் சரி, பாதி உனக்கு.

வா, டெஸ். இனி நமக்கு நேரமில்லை.

உன் நோலா


முல்லம்பிம்பிக்கு மேலே
24 ஜனவரி 2023

நோலா,

உன் கடிதம் 20ஆம் தேதி வந்ததாம். பிரெட் எடுத்து வைத்திருந்து நேற்று நான் வந்து இறங்கியதும் கையில் கொடுத்தான். அதற்கு முந்தின நாளே நான் பஸ் ஏறிவிட்டேன். உன்னைத் திடுக்கிட வைக்கலாம் என்று சொல்லாமல் கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் வீட்டில் நடந்தது எனக்கு இப்போதுதான் புரிகிறது. நான் வந்தபோது நீ குளத்துக்குப் போயிருந்தாய். சாவி நீ சொன்ன இடத்தில் இருந்தது. டீ போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். தொட்டிப் பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறான், ஆளுயரம், உருண்டையெல்லாம் வெடிக்கத் தயாராக. கிழவி கவனிக்கவில்லை என்று நினைத்தேன். டீக் கோப்பையைக் கூட முழுதாகக் கீழே வைக்கவில்லை. ஐம்பது வருஷம் செய்த வேலை, கைக்குத் தெரியும், தலையைக் கேட்காது. பிடுங்கினேன், வெட்டினேன், கெட்டில் தண்ணீரை ஊற்றிக் குப்பைத் தொட்டியில் அமுக்கினேன். நீ வந்ததும் பெருமையாகச் சொன்னேன், "நல்ல வேளை வந்தேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எல்லாம் போயிருக்கும்"ன்னு.

நீ அந்தக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கையால் தேடினாய். ஒரு கிளையை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் வைத்தாய். வெந்துபோன கிளை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். அப்புறம் என் பையை வாசலில் எறிந்தாய். "ரெண்டு தடவ, டெஸ். ரெண்டு தடவையும் நீதான்"னு சொன்னாய்.

முதல் தடவை என்று நீ எதைச் சொன்னாய் என்பது அப்போதே தெரியும். ஓடையில் வெள்ளம், நம் பெண்ணுக்குக் காய்ச்சல், "தண்ணி வடியட்டும், மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்"னு நான் சொன்னது. இரண்டாவது தடவை என்ன என்பதுதான் உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். பெண் செடி இருக்கிறதே, அதில் ஒரு கிளையை வெட்டி வேர் விடச் செய். சமையலறை ஜன்னலில் வை. உறைபனி வந்தாலும் உள்ளே பிழைக்கலாம். அந்த ஒரு கிளை போதும், நோலா. தயவு செய்து.

டெஸ்


கான்பெரா
30 ஏப்ரல் 2023

அன்புள்ள டெஸ்,

மூன்று மாதம் உனக்கு எழுதவில்லை. கோபத்தில் என்று நினைத்திருப்பாய். பிப்ரவரி வரைக்கும் கோபம்தான். அப்புறம் வேறு.

ஈஸ்டருக்கு மறுநாள் அறுத்தேன். காய்ந்ததும் மேசையில் பேப்பர் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பூவாக நகத்தால் பிரித்துப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். நீ வருவதற்கு முன்னால் ஒரு உருண்டையாவது வெடித்திருக்காதா, ஒரு விதையாவது இருக்காதா என்று. இல்லை. அப்படிச் சுத்தமாகச் செய்திருக்கிறாய்.

வாசனையைச் சொல்கிறேன், கேள். முதலில் பச்சை மாங்காயின் தோல். அப்புறம் பென்சில் சீவல், அதுவும் மழையில் நனைந்தது. மூக்கை எடுக்கிற நேரத்தில் கொஞ்சம் மிளகு. அதேதான், டெஸ். அவள் செடிக்குக் கீழே விளையாடிவிட்டு வந்து மடியில் உட்காரும்போது தலைமுடியில் இருக்குமே, அதேதான்.

நீ கிளை வெட்டி வைக்கச் சொன்னாய். கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வைக்கவில்லை. ஜன்னலில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, செத்துவிட்டதா செத்துவிட்டதா என்று தினமும் பார்க்க என்னால் முடியாது. ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

இப்போது இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் வடியட்டும் என்று அன்று சொன்னது நீ இல்லை. நான். நீ அவளைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். "நடந்தே கடந்துடுறேன்"னு சொன்னாய். நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "ரெண்டு பேரையும் தண்ணி கொண்டுபோயிடும், மத்தியானம் வடிஞ்சிடும், இரு"ன்னு கத்தினேன். மத்தியானம் வடியவில்லை. மறுநாள் போலீஸ்காரர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நான்தான் இருக்கச் சொன்னேன்"னு சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வாரம் உனக்கு நன்றி சொல்ல நினைத்தேன். அடுத்த மாதம் நீ சொன்னதை நானும் நம்ப ஆரம்பித்தேன். நம்பியதால்தான் உன்னை வெறுக்க முடிந்தது, வெறுத்ததால்தான் போக முடிந்தது.

இந்த முறையும் அப்படித்தான். அக்டோபரிலேயே அது ஜூனி என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் செடி நின்றிருக்கும். ரகசியம் வைத்தது நான்.

பூவை ஜாடியில் மூடி வைத்திருக்கிறேன். பற்றவைக்க மனம் வரவில்லை. வந்து ஒரு முறை முகர்ந்து பார். இந்தத் தடவை நான் வீட்டில் இருப்பேன்.

நோலா


முல்லம்பிம்பிக்கு மேலே
21 மே 2023

அன்புள்ள நோலா,

உன் கடிதம் கிடைத்தது. கோபமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதியிருப்பது உண்மையாக இருக்கலாம். எனக்கு அப்படி நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது, நான் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வடியட்டும் என்று சொன்னது. என் குரல்தான் கேட்கிறது. போலீஸ்காரரிடம் உனக்காக அதைச் சொன்னேனோ, உண்மையென்று சொன்னேனோ, அதுவும் இப்போது தெரியவில்லை. சொல்லிச் சொல்லி அது எனக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது.

இந்த ஜனவரி வரை மலையை விட்டு நான் இறங்காததே அதனால்தான். யார் கூப்பிட்டாலும் போகவில்லை, இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ளவில்லை, வருஷா வருஷம் அவள் பெயரில் விதைத்தேன். அவளுக்குச் செய்த பாவத்துக்கு என்று செய்தேன். அது என் பாவம் இல்லை என்று நீ எழுபத்திமூன்று வயதில் எழுதினால், நான் இத்தனை வருஷம் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரிடம் போய்க் கேட்பது? அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே, நோலா. எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

நீ நல்ல மனதோடு எழுதினாய் என்று தெரியும். நான் வரமாட்டேன். அந்தப் பூவை நீயே பற்றவைத்துக்கொள், உன் இடுப்புக்கு நல்லது. இனிமேல் எழுதாதே. எழுதினால் பிரிப்பேன், பிரித்தால் நம்பிவிடுவேன்.

அவள் தலைமுடியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

டெஸ்