வாசல் ரோஜாவை வெட்டியவள்

முள் கிழித்தாலும் செடியிலிருந்து கையை எடுக்காத என் அம்மாவுக்கு,

உன் வாசல் ரோஜா மூன்று மாசியாகப் பூக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வாசல் கேட்டின்மேல் இரும்பு வளைவு அப்படியே நிற்கிறது. கொடைக்கானல் ஸ்கூல் டூரிலிருந்து ஈரத்துண்டில் சுற்றி நீ கொண்டுவந்த கொம்பு சாகவில்லை. தளிர் வருகிறது, இலை வருகிறது. வருடத்துக்கு ஒரே ஒரு முறை, மாசியில், கொத்துக்கொத்தாக வரும் அந்த வெளிறிய சின்னப் பூ மட்டும் வரவில்லை. நாலு வழிச்சாலைக்கு மண் ஏற்றிப் போகும் லாரிகளின் புழுதி என்று முதலில் நினைத்தேன். கொட்டாரம் ஊர் முழுக்க அந்தப் புழுதிதான். ஆனால் புழுதி ஒரு செடியை மட்டுமா பார்த்து விழும்?

நீ போன மறுவருடம் அப்பா கல்யாணம் செய்துகொண்டார். உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பெயர் லீலா. தோவாளைக்காரி. பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். நான் சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வந்தேன், சாப்பிட்டேன், அன்றைக்கே ரயில் ஏறினேன். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மார்கழி விடுமுறையில் வந்தபோது அவள் ஸ்டூலில் ஏறி நின்று உன் செடியை வெட்டிக்கொண்டிருந்தாள். வருடம் முழுக்க வளைவின்மேல் ஓடியிருந்த கொம்புகள் தரையில் கிடந்தன. இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை. வெட்டின ஒவ்வொரு முனையிலும் சாணி அப்பினாள். காயத்தை மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மாசியில் பூ இல்லை.

கொல்லைச் சுவரில் இன்னொரு கொடி ரோஜா உண்டே, நர்சரியில் அப்பா வாங்கி வந்து நீ பெரிதாகச் சட்டை செய்யாத சிவப்பு ரோஜா. அதையும் அதே நாளில் வெட்டினாள். அதே சாணி. அது பூத்தது. பூத்து முடித்து மறுபடியும் பூத்தது. சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது அது. கை நீட்டிப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள். உன்னுடையது மொட்டை, தன்னுடையது பூ. இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வருடம் போனில் அப்பாவிடம் கேட்டேன். "வெட்டினாளா?" வெட்டினாள் என்றார். அதற்கடுத்த வருடமும் கேட்டேன். அதே பதில். அதே குரல்.

மூன்றாவது மாசியும் பூக்காவிட்டால் அந்த வீட்டுக்கு இனிப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே என் அறையில் இருக்கும் புத்தகங்களையும் உன் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும். அதற்காகத்தான் இந்த மாசியில் போனேன். வளைவில் இலை மட்டும்தான் இருந்தது. கடையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி வாங்கிவந்தேன்.

புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து தங்கம் மாமியின் தலை தெரிந்தது.

"ஏட்டி, வந்தவ எட்டிப் பாக்கலியே. ஒங்க அம்மைக்க ரோஜா எங்க கோழிக்கூட்டு மேல பூத்துக் கெடக்கு."

எனக்கு உடனே மாமிமேல் சந்தேகம். கொம்பு ஒடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"எப்ப மாமி நட்டிய?"

"நட்டேனா? நல்லாருக்கே கத. ஒங்க வீட்டுலேருந்து மதில் பொந்துக்குள்ள நொழஞ்சு வந்ததாக்கும். வாடகை கேக்கணும்ணு இருக்கேன்."

போய்ப் பார்த்தேன். கோழிக்கூட்டின் ஓடு தெரியாத அளவுக்குப் பூ. நீ பார்க்க வேண்டியது. பூவிலிருந்து கொம்பைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனேன். மதிலடியில் ஒரு பொந்து. அந்தப்பக்கம் உன் செடியின் தூர். ஒரே செடிதான். போன வருடம் முளைத்த கொம்பு, செங்கல் இடுக்கு வழியாகத் தப்பித்திருக்கிறது. அவள் கண்ணிலும் கத்தரியிலும் படாதது அது ஒன்றுதான். அதில்தான் பூ.

கோழிகளுக்கு நடுவில் நின்று யோசித்தேன். போன வருடக் கொம்பில்தான் இது பூக்கும். மார்கழியில் அதை வெட்டினால் மாசிப் பூவைத்தான் வெட்டுகிறோம். கொல்லையில் இருப்பது வேறு சாதி, வெட்டியபின் வரும் புதுத்தளிரில் பூப்பது. ஒரே கத்தரி அதற்கு நல்லது, இதற்குக் கெடுதி. பிறகுதான் ஞாபகம் வந்தது. முழுப்பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் உன் கையெல்லாம் முள் கீறலாக இருக்கும். அது பங்குனி. பூத்து முடிந்தபின்தான் நீ வெட்டுவாய்.

இத்துடன் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பூத்தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் வெட்டினாளா?

சமையலறையில் போய் நின்றேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

"வாசல் ரோஜாவ எதுக்கு மார்கழியில வெட்டுறிய?"

"பின்ன எப்ப வெட்ட? பிச்சிய மார்கழியில ஒட்ட வெட்டினாத்தான் பூக்கும். கொடின்னா எல்லாம் கொடிதானே. மொத வருசம் பூக்கல. கொறச்சு வெட்டிட்டேன் போலிருக்குண்ணு அடுத்த வருசம் இன்னும் எறக்கினேன். இந்த வருசம் மொழங்கால் ஒசரம். சாணியும் வச்சேன். அப்பவும் அந்தச் சனியன் பூக்கல்ல."

"பின்னால உள்ளது பூக்கே."

"அதுதான் எனக்கும் எரிச்சல். அது பூக்கும்போதெல்லாம் ஒங்க அப்பா வாசலப் பாப்பாரு, பொறவு என் மொகத்தப் பாப்பாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு. நான் வேணும்ணே செய்யேண்ணு நெனச்சிட்டாரோண்ணு எனக்கு." கத்தியைக் கழுவினாள். "நீயும் அப்பிடித்தான நெனச்ச?"

அவள் முகத்தைப் பார்க்காமல், கழுவிய கத்தியை வாங்கித் துடைத்து வைத்தேன்.

சாயங்காலம் அப்பாவின் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"அம்மா எப்பப்பா ரோஜா வெட்டுவா?"

"பூ முடிஞ்ச பொறவு. பங்குனியில."

தலையை நிமிர்த்தாமல் சொன்னார். டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

டப்பாவைத் தள்ளி வைத்தார். "மக்ளே, புதுசா வந்தவகிட்ட, முன்ன இருந்தவ இப்பிடிச் செய்வா, அப்பிடிச் செய்வாண்ணு வாயத் தொறக்கக்கூடாதுண்ணு ஒரு எண்ணம். கொழம்புல புளி கூடினாக்கூட சொன்னதில்ல. அதுல இதும் போச்சு."

அவர் அவளைக் காப்பாற்றினாரா, தன்னையா? தெரியவில்லை. அவர் சொல்லாமல் இருக்க இருக்க, அவள் இன்னும் தாழ்த்தி வெட்டியிருக்கிறாள். இரண்டு பேருமே உன் பெயரை வீட்டில் சொல்லாமல் மூன்று வருடம் இருந்திருக்கிறார்கள்.

கடையிலிருந்து நடந்து வரும்போது சந்தேகம் உன் பக்கம் திரும்பியது அம்மா. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். உன் கடைசி நாட்களில், நெய்யூர் ஆஸ்பத்திரியில், அத்தனை நேரம் பேசிக்கொண்டுதானே இருந்தோம். என் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். ஈரத்தலையோடு படுக்காதே என்றாய். செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா? இல்லை, இன்னொருத்தி வருவாள் என்று தெரிந்து, அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று விட்டுவிட்டாயா? உன்னைக் கேட்கவும் முடியாது. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. அவளைப் பற்றியும் அப்படித்தானே சொல்லியிருக்க வேண்டும்?

பங்குனி பிறந்து கோழிக்கூட்டின்மேல் பூ உதிர்ந்தது. நான் லீவை நீட்டிக்கொண்டேன். நானும் அவளும் வாசலில் நின்றோம். பூத்து முடிந்த அந்த ஒரு கொம்பையும் காய்ந்த பழைய கட்டைகளையும் தூரை ஒட்டி வெட்டி எடுத்தோம். அடியிலிருந்து செந்தளிராக வரும் புதுக்கொம்புகளை நுனிகூடக் கிள்ளக்கூடாது, வளைவில் சாய்த்துச் சாய்த்துக் கட்ட வேண்டும், நேரே மேலே ஓடவிட்டால் உச்சியில் மட்டும்தான் பூக்கும் என்றேன்.

"இவ்வளவு நீளத்தையும் சும்மா விடவா? எனக்குக் கை அரிக்கே."

"அரிக்கட்டும்."

"மார்கழியிலயும் தொடப்பிடாதா?"

"தொடப்பிடாது. மார்கழியில பின்னால உள்ளத வெட்டுங்க. அதுலயும் தடிக்கொம்ப விட்டுட்டு, பக்கக் கெளைய மட்டும் ரெண்டு மூணு கணு விட்டு."

"அது எனக்குத் தெரியும். மழ நல்லா விட்ட பொறவு, கணுவுக்கு மேல சரிச்சு. மழையில வெட்டினா நுனி கறுத்துக் கீழ எறங்கும்."

எனக்குத் தெரியாது அது. தலையை ஆட்டினேன்.

கட்டுவதற்குப் பழைய சேலையைக் கிழித்துத் தந்தாள். உன்னுடையதோ என்று முந்தானையைப் புரட்டிப் பார்த்தேன். அவளுடையது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு காரியம் செய்தேன். செடி வெட்டும் கத்தரியை என் பையில் வைத்துக்கொண்டேன். புத்தகங்களுக்கு இடமில்லை என்று பெட்டிகளை அறையிலேயே விட்டேன். இடம் இருந்தது.

சென்னை வந்து சேர்ந்த மறுநாள் போன் வந்தது. இதுவரை அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"கத்தரிய நீயா கொண்டு போன?"

"ஆமா."

"நம்பிக்க இல்ல, என்னா?"

"இல்ல."

சிரித்தாள். "அது செரி. அப்பம் மார்கழியில பின்னால உள்ளத நான் பல்லால கடிச்சா எடுக்க?"

"மார்கழிக்கு நானே கொண்டுவாரேன்."

"வா. வரும்போது சாணை பிடிச்சுக் கொண்டு வா. மொன மழுங்கிப்போச்சு."

சாணை பிடித்துவிட்டேன் அம்மா. மார்கழியில் போவேன், கொல்லையில் அவள் வெட்டும்போது வாசலில் காவல் நிற்பேன். மாசியிலும் போவேன். பூத்தால் உன் பெயரை அந்த வீட்டில் சத்தமாகச் சொல்வேன். பூக்காவிட்டாலும் சொல்வேன். இனி வராமல் இருக்க மாட்டேன், அது உறுதி.

யாரையும் எளிதில் நம்பாத,
உன் மகள்,
அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று மார்கழிக்குள் முடிவு செய்ய வேண்டியவள்.