பதினாறு வரைக்கும் சரி

மார்ச் 3
மருமகளும் பேத்தியும் இன்றைக்கும் கண்ணாமூச்சி. பிரிட்ஜ் கதவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இத்தாலியனில் இருபது வரை எண்ண வேண்டும். மருமகள் இத்தாலிக்காரி, அவள் பிறந்த வீட்டுப் பாஷை. எண்ணத் தெரியாதவருக்கு ஆட்டத்தில் இடமில்லை என்பது பேத்தி போட்ட சட்டம். ஐந்து வயசு நீதிபதி! "பாட்டி, நீ உட்காரு." என் வீட்டில் என்னையே ஓரங்கட்டுகிறாள்.

மார்ச் 5
மகனிடம் சொல்லிக் கொடுடா என்றேன். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. இவனுக்குச் சட்டைப் பட்டன் போடச் சொல்லிக் கொடுத்தபோது நான் அப்படிக் கேட்டேனா?

மார்ச் 6
நெட்டச்சியையே பிடித்தேன். மருமகளுக்கு நான் வைத்த பேர், அவளுக்கும் தெரியும். ஊனோ, தூவே, த்ரே. பதினொன்று ஊந்திச்சி. ஒன்று முன்னால், பத்து பின்னால். பதினாறு சேதிச்சி வரை அதே தையல்தான். பூ, இவ்வளவுதானா!

மார்ச் 9
பதினாறு தாண்டி "செத்தேதிச்சி!" என்று கத்தினேன். அது திச்சாசெத்தேயாம், பத்து முன்னால், ஏழு பின்னால். பேத்தி உருண்டு உருண்டு சிரித்தாள். சிரிக்கட்டும், குழந்தை.

மார்ச் 10
நான் வேலை பார்க்கும் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் போனை நீட்டுகிறார். "அக்கா, இது நீங்கதானே?" நான்தான். நைட்டி, முதுகு, பிரிட்ஜ், கத்தல். மகன் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட, அது கை மாறிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஊரையே கிண்டலடிக்கிறவள்தான் நான், ஆனால் முகத்துக்கு நேரே. இவன் என் முதுகையா படம் பிடிப்பான்? பெத்த வயிறு எரியுது. கேட்டால், "சும்மா ஜோக்கும்மா." ஜோக்காம் ஜோக்கு! நான் சிரிக்கலையேடா, அப்புறம் யாருக்குடா அது ஜோக்கு?

மார்ச் 11
மருமகள் அவனோடு சண்டை போட்டுவிட்டு டீயோடு வந்தாள்.
"அத்தை, நீங்க சொன்னது பெரிய தப்பில்ல. எங்க பாஷைக்குத் தாய் லத்தீன். அதுல பதினேழுக்கு ஏழு முன்னாடி, பத்து பின்னாடி வர்ற சொல்லும் இருந்துச்சு. அப்புறம்தான் பதினேழுலேர்ந்து திருப்பிப் போட்டுட்டாங்க."
பாதி வழியில் திருப்பின அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.
"உங்க தொண்ணூறுக்குள்ள நூறு ஏன் அத்தை வருது?"
எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு — ஆமாம், ஏன்? இத்தனை வயசுக்கு ஒருநாளாவது யோசித்தேனா? அந்தக் கோபத்திலும் சிரித்துத் தொலைத்தேன். மகனோடு மட்டும் பேச்சில்லை.

மார்ச் 15
பிரிட்ஜ் கதவில் முகம் புதைத்து நான். இருபது வரை ஒரு பிசிறில்லை. பீரோ பின்னால் பேத்தி, திரைக்குக் கீழே நெட்டச்சியின் கால். மகன் வந்து நின்றான்.
"நானும் வர்றேம்மா. பத்துக்கு மேல எப்படி எண்ணணும்?"
கட்டி இத்தனை வருஷம், பத்துக்கு மேல் தெரியாதாம்!
"உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? உட்காரு."
உட்கார்ந்தான்.