அமைச்சர் வீட்டில் மை நிரப்பிய செய்தி

மழை பொய்யாச் சாரலும் மதில் சாயாக் கோநகரும் உடைய வெண்கோட்டு நாட்டு வேந்தர் செங்கதிர்க்கோ ஆணையால், திருமுகம் தீட்டும் கூத்தன் பொற்காரி, அலைவாய்த்துறை காக்கும் தண்டநாயகர் வில்லவராயர்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் சேர்க. உம் குடி தழைக்க.

அச்சுப்பொறியின் மைக்குடுவை வற்றினால் புதிதே வாங்குக, வீட்டில் மை நிரப்புவோர் சிறைபுகுவர் என ஆணையிட்டவர் அமைச்சர் பெருந்தேவரையர் என்பதை அறிவீர். பொறியைவிடக் குடுவை விலை மிகுந்தது ஏன் என்று கேட்டோர்க்கு, அது மை வணிகரின் மதிநுட்பம் என்று அவர் விடையிறுத்தார். அவ்வணிகர் அவர்க்கு அனுப்பிய பட்டுகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அண்டை நாட்டுத் தூதருடன் ஆற்றுநீர் உடன்படிக்கை செய்யும் நாளன்று, படிகளை அச்சிட வேண்டிய அமைச்சர் இல்லத்துப் பொறி மை தீர்ந்து நின்றது. புதுக் குடுவைகள் ஏற்றிய வணிகர் கலமோ கடலில் காற்றுக்குக் காத்திருந்தது. உடன்படிக்கை தவறினால் ஆற்றுநீர் மீண்டும் வேல்முனையில் பேசப்படும். அஞ்சிய அமைச்சர் குளியலறையைத் தாழிட்டு, ஊசிக்குழலால் குடுவையில் மை செலுத்தினார். மெல்ல அழுத்துமாறு வெளியே நின்று மனைவியார் உமையாழி நங்கை உரைக்க, அரசாங்கக் காரியத்தில் தலையிடலாகாது என்று அதட்டினார். அதட்டி முடிக்குமுன் மை பீறிட்டு முழங்கைவரை நீலமாயிற்று. அப்போது அம்மையார் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாது எழுதுகிறோம்: “கதவத் தொறங்க. ரெண்டு வருசமா நான்தான் நிரப்பறேன். உங்க தடை ஆணையையே அந்த மையிலதான் அடிச்சீங்க.”

அம்மையார் நிரப்பினார், படிகள் அச்சாயின. சீயக்காய்க்கும் புளிக்கும் நீலம் போகாத கைகளைச் சால்வைக்குள் மறைத்து அமைச்சர் அவையேறினார். தூதர் வணங்கவே, பதில் வணக்கத்துக்கு அக்கைகள் வெளிப்பட்டன. இஃது என்ன என்று வேந்தர் வினவ, நீலக்காய்ச்சல் என்றார் அமைச்சர். தொற்று என அஞ்சிய தூதர் எழுந்து வாயிலை நோக்கி விரைந்தார். உடன்படிக்கை கைநழுவுவது கண்டு, அவை நடுவே உண்மையைக் கக்கினார் பெருந்தேவரையர். தூதர் வயிறு குலுங்கச் சிரித்து ஒப்பமிட்டார். வேந்தர் சிரிக்கவில்லை.

ஆதலின் அத்தடை இன்றோடு ஒழிந்தது. மை நிரப்பிய குற்றத்துக்காக உம் கோட்டையில் அடைபட்டோர் யாவரையும் இவ்வோலை கண்டவுடன் விடுவித்து, புத்தாடை தந்து வீடு சேர்ப்பிக்க. ஒழிந்த அறைகளுள் காற்றோட்டம் குறைந்த ஒன்றைத் துப்புரவு செய்க. இவ்வோலையைக் கொணர்ந்து உம் முன் நிற்பவர் பெருந்தேவரையரே. இதில் எழுதியிருப்பதை அவர் அறியார். உம்மிடம் விருந்துண்ண வந்திருப்பதாக எண்ணுகிறார்.

அரசர் சொல் இது, இலச்சினை இட்டோம், இவ்வண்ணமே செய்க.